மீளும் ஒட்டுண்ணி: எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரும் பேராக் தோட்டத்து மக்களும்

எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு மூளையில் ஒட்டுண்ணித் தொற்று ஏற்படுகிறது. ஆறு வாரம் மருந்து எடுத்துக்கொண்டு, நடந்தே வீடு திரும்புகிறார். சில மாதங்கள் கழித்து, ஒரு பக்கக் கைகால் இழுத்துக்கொண்ட நிலையில் அவரை மறுபடி தூக்கி வருகிறார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எந்த அரசு மருத்துவமனையிலும் அப்போது எழக்கூடிய முதல் கேள்வி இதுதான்: "நல்லாயிட்டுதானே போனாரு, மறுபடி எங்க போயி ஒட்டிக்கிச்சு?" கேட்பவர் அக்காவாகவோ மனைவியாகவோ இருப்பார். கேள்வியில் கவலை இருக்கிறது. கூடவே ஒரு சந்தேகமும் இருக்கிறது: மறுபடி ஏதோ தப்பு செய்துவிட்டார் என்று.

அந்தச் சந்தேகத்துக்கு மருத்துவத்தில் இடமே இல்லை. அவர் எங்கும் போய் எதையும் ஒட்டிக்கொண்டு வரவில்லை. முதல் முறை நோய் தந்த அதே ஒட்டுண்ணி அவர் மூளைக்குள்ளேயே இருந்தது. மருந்து அதை அடக்கியதே தவிர அழிக்கவில்லை. அடக்கி வைத்திருந்த இரண்டு காவல்களில், அதாவது தினசரி மாத்திரையிலும் உடலின் எதிர்ப்பாற்றலிலும், ஏதோ ஒன்று விலகியிருக்கிறது. ஆகவே நோய் மீளும்போது விசாரிக்க வேண்டியது நோயாளியின் ஒழுக்கத்தை அல்ல. அந்தக் காவல் எந்த நாளில், எதனால் விலகியது என்பதைத்தான். ஈப்போவையும் அதைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களையும் மனத்தில் வைத்து இந்தக் கட்டுரை அதைத்தான் தேடுகிறது.

நோய் திரும்பி வருவது தோட்டத்துத் தமிழ் மக்களுக்குப் புதிதல்ல. 1877இல் கோலகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகள் ஊன்றப்பட்டு, அடுத்த அரை நூற்றாண்டில் காடு தோட்டமாக மாறியபோது மலேரியாவும் கூடவே பெருகியது. மரம் வெட்டி வெயில் பட்ட ஓடைகளில்தான் இங்கே மலேரியாவைப் பரப்பும் கொசு முட்டையிட்டது. 1901 முதல் கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், வடிகால் வெட்டிக் கொசுவைக் குறைக்கலாம் என்று காட்டினார். தோட்டங்களிலோ பெரட்டு என்ற காலை ஆள்கணக்கில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கொயினா (குயினைன்) கொடுப்பதுதான் நெடுங்காலம் கண்ட வழி. கொயினா குடித்துக் காய்ச்சல் விட்ட ஆள், சில மாதங்களில் கொசுவே கடிக்காவிட்டாலும் மறுபடி நடுங்குவார். விவாக்ஸ் வகை மலேரியா கல்லீரலில் உறங்கும் வடிவம் ஒன்றை விட்டுவைக்கிறது என்பதும், அது விழிக்கும்போது காய்ச்சல் திரும்புகிறது என்பதும் 1980 வாக்கில்தான் நுண்ணோக்கியில் உறுதியானது. அதுவரை, மருந்தை ஒழுங்காகக் குடிக்காதவர்கள் என்ற பழி தொழிலாளர்கள் மேல் எளிதில் விழக்கூடியதாக இருந்தது. கொயினா இரத்தத்தில் இருக்கும் கிருமியைத்தான் கொல்லும், கல்லீரலில் உறங்குவதைத் தொடாது. குற்றம் மருந்தின் எல்லையில் இருந்தது. பழியோ குடித்தவர் மேல் விழுந்தது.

எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அதே கதை வேறொரு ஒட்டுண்ணியைக் கொண்டு நடக்கிறது. அதன் பெயர் டாக்சோபிளாஸ்மா. 1908இல் தூனிஸ் நகரில் ஒரு பாலைவனக் கொறிவிலங்கின் உடலிலும், அதே ஆண்டு பிரேசிலில் ஒரு முயலிலும் கண்டுபிடிக்கப்பட்டது. பூனைதான் அதன் மூல வீடு என்பது தெரிய மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. பூனையின் குடலில் அது முட்டைகளை உண்டாக்குகிறது. அவை மலத்தோடு மண்ணில் விழுந்து, ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். மண் பட்ட கீரையோ, கழுவாத கையோ, காய்ச்சாத தண்ணீரோ அதை மனிதருக்குள் கொண்டு சேர்க்கும். மண்ணில் கிடந்ததைத் தின்ற ஆட்டின் சதையிலும் அது தங்கும். அரைவேக்காட்டு இறைச்சி இன்னொரு வாசல்.

உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் உடலில் இது இருப்பதாகக் கணிக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது வந்ததே தெரியாது. இரண்டு நாள் உடல்வலியும் கழுத்தில் ஒரு நெறிகட்டியுமாகப் போய்விடும். ஆனால் ஒட்டுண்ணி போவதில்லை. மூளையிலும் தசையிலும் சிறு உறைகளைக் கட்டிக்கொண்டு உள்ளே நீறு பூத்த நெருப்பாகக் கிடக்கும். ஆரோக்கியமான உடல் அதை ஆயுள் முழுதும் அப்படியே வைத்திருக்கும். எச்.ஐ.வி. அழிப்பது இந்த வேலையைச் செய்யும் அணுக்களைத்தான். இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஐந்நூறுக்கு மேல் இருக்க வேண்டிய சி.டி.4 அணுக்கள் நூறுக்குக் கீழே இறங்கிவிட்டால் உறைகள் உடைகின்றன. எச்.ஐ.வி.க்கும் மருந்தில்லை, தடுப்பு மாத்திரையும் இல்லை என்ற நிலையில், டாக்சோபிளாஸ்மா உள்ளே இருப்பவர்களில் பத்தில் மூன்று பேருக்கு அது மூளையழற்சியாக வெடிக்கலாம் என்பது பழைய கணக்கு. தலைவலி, காய்ச்சல், பேச்சுக் குழறல், ஒரு பக்க பலவீனம், வலிப்பு, ஆளே மாறிப்போனது போன்ற நடத்தை, இவைதான் அடையாளம். ஸ்கேனில் மூளையின் ஆழத்தில் வளைய வளையமாகப் புண்கள் தெரியும்.

மலேசியாவில் இந்தக் கேள்வியைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அப்போது மலாயாப் பல்கலைக்கழக ஒட்டுண்ணியியல் துறையில் இருந்த வீரனூட் நிசாபத்தோர்ன். 2000களின் தொடக்கத்தில் அவரும் அவருடைய குழுவினரும் கோலாலம்பூரில் எச்.ஐ.வி. உள்ள சில நூறு பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, ஏறத்தாழ பாதிப்பேரிடம் டாக்சோபிளாஸ்மா எதிர்ப்பொருள் இருந்தது. பேராக்கின் பங்கோர் தீவில் நடந்த ஓர் ஆய்வில், நோய் எதுவும் இல்லாத மீனவக் கிராம மக்களிடமே பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது இருந்தது. இதில் வியக்க ஒன்றுமில்லை. ஈரமான மண், எங்கும் திரியும் பூனைகள், வீட்டோரத் தோட்டம் என்று ஒட்டுண்ணிக்கு வேண்டியதெல்லாம் இங்கே உண்டு. வெறுங்காலை மண்ணில் வைத்து வாழ்ந்த தோட்டத்து மக்களும் இந்தச் சூழலுக்குள்தான் இருந்தார்கள். ஆட்டிறைச்சியை நன்றாக வேகவைத்துக் குழம்பாக்கும் நம் சமையல் ஒரு வாசலை ஓரளவு மூடியிருக்கும். மண் வழியாக வருவதை அது தடுக்காது.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுப் பூனையைத் துரத்த வேண்டாம். ஒரு பூனை வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே முறை, அதுவும் ஓரிரு வாரங்கள்தான் இந்த முட்டைகளை வெளியேற்றும். மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் அவை தொற்றும் தன்மை அடைவதற்கு முன்பே போய்விடும். தவிர, எச்.ஐ.வி. உள்ளவரிடம் மூளையழற்சி பெரும்பாலும் பல ஆண்டுகளுக்கு முன் வந்து ஒளிந்திருந்த கிருமியால் வருவது. இன்றைய பூனைக்கு அதில் பங்கில்லை.

சிகிச்சைக்கு வருவோம். பைரிமெத்தமின், சல்ஃபாடயசின் என்ற இரண்டு மருந்துகளோடு எலும்பு மச்சையைக் காக்க ஃபோலினிக் அமிலம் சேர்த்து ஆறு வாரம் கொடுப்பது பழைய முறை. பைரிமெத்தமின் மலேரியாவுக்காகப் பிறந்த மருந்து. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸும் நடத்திய ஆய்வகத்தில் உருவானது. இருவரும் 1988இல் நோபல் பரிசு பெற்றார்கள். அமெரிக்காவில் 2015இல் ஒரு நிறுவனம் அதன் விலையை மாத்திரைக்கு 13.50 டாலரிலிருந்து 750 டாலருக்கு ஒரே இரவில் ஏற்றியது. அறுபது ஆண்டுப் பழைய மருந்து அது. நல்லவேளையாக, கோட்ரைமாக்சசோல் என்ற மலிவான மாத்திரையும் ஏறத்தாழ அதே அளவு வேலை செய்கிறது என்பதை 1990களில் இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் நோயாளிகள் அதை 'பாக்ட்ரிம்' என்ற பெயரில் அறிவார்கள். இரண்டு வாரத்துக்குள் புண்கள் சுருங்கத் தொடங்கும். சுருங்காவிட்டால் மருத்துவர் காசநோய்க் கட்டியையோ லிம்போமாவையோ சந்தேகிப்பார். நம் பகுதியில் காசநோய் அதிகம் என்பதால் அந்தச் சந்தேகம் எப்போதும் அருகில் நிற்கும்.

ஆறு வாரத்தில் புண் ஆறிவிடுகிறது, நோயாளி பேசுகிறார், நடக்கிறார். குடும்பத்துக்குச் சொல்லப்படாமல் போகும் உண்மை இங்கேதான் இருக்கிறது. இந்த மருந்துகள் எல்லாமே வேகமாகப் பெருகும் வடிவத்தைத்தான் கொல்கின்றன. உறைக்குள் இருப்பதை எதுவும் தொடுவதில்லை. எச்.ஐ.வி.க்கு நல்ல மருந்து வருவதற்கு முந்தைய ஆண்டுகளில், ஆறு வாரத்தோடு நிறுத்திக்கொண்டவர்களில் பாதி முதல் ஐந்தில் நான்கு பங்கு வரையானோருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. அதனால்தான் ஆறு வாரத்துக்குப் பிறகும் குறைந்த அளவில் மருந்து தொடர வேண்டும் என்ற விதி வந்தது. 1996க்குப் பின் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியதும் இன்னொரு நல்ல செய்தி தெரிந்தது: எச்.ஐ.வி. மருந்தால் சி.டி.4 அளவு இருநூறுக்கு மேல் ஏறி ஆறு மாதமாவது நிலைத்து, உடலில் வேறு அறிகுறியும் இல்லையென்றால், பாக்ட்ரிமை மருத்துவர் நிறுத்தலாம். எதிர்ப்பாற்றலே காவலை ஏற்றுக்கொள்ளும். அளவு மறுபடி விழுந்தால் மாத்திரையும் மறுபடி தொடங்க வேண்டும்.

அறிவியல் அளவில் விடை தெரிந்துவிட்டது. நோய் திரும்பாமல் வைத்திருக்க இரண்டு மாத்திரைகளும் ஓர் இரத்தப் பரிசோதனையும் போதும். பிறகும் ஏன் திரும்புகிறது?

மலேசிய அரசைக் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. நாட்டில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986இல் கண்டறியப்பட்டது. 2003 இறுதியில், காப்புரிமை பெற்ற எச்.ஐ.வி. மருந்துகளை இந்தியாவிலிருந்து மலிவு விலையில் இறக்குமதி செய்ய மலேசியா, அரசுப் பயன்பாட்டு உரிமையைப் பயன்படுத்தியது. ஆசியாவில் அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். 2005இல் மெத்தடோன் திட்டமும் 2006இல் ஊசி மாற்றும் திட்டமும் வந்தன. அதே 2006இலிருந்து முதல் வரிசை மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடாக 2018இல் உலக சுகாதார அமைப்பு மலேசியாவை அங்கீகரித்தது. குடிமக்களுக்குக் கட்டணம் வெளிநோயாளர் பிரிவில் ஒரு வெள்ளி (ரிங்கிட்), சிறப்பு மருத்துவரிடம் ஐந்து வெள்ளி. இத்தனையும் உண்மை, பெருமைப்பட வேண்டியவை. எனவே காரணம் மருந்தின் விலையில் இல்லை. மருந்துக்கும் மனிதருக்கும் நடுவே உள்ள தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரம் எப்படி உண்டானது என்பதற்குத் தோட்டங்களின் கதையைப் பார்க்க வேண்டும்.

ரப்பர் தோட்டம் கொடுமைகள் நிறைந்த இடம். அதை யாரும் பொற்காலமாக்க வேண்டாம். ஆனால் தோட்டத்தில் டிரெஸர் என்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் இருந்தார். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் யார் படுத்துக் கிடக்கிறார், யார் நேற்று பால்வெட்டுக்கு வரவில்லை என்பது பெரட்டிலேயே தெரிந்துவிடும். சுரண்டலுக்காக அமைக்கப்பட்ட அந்தக் கண்காணிப்பு, நோயாளி காணாமல் போவதையும் தற்செயலாகத் தடுத்தது. 1980கள் முதல் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் விற்கப்பட்டும் போயின. சுங்கை சிப்புட், பாகான் செராய், தெலுக் இந்தான், பீடோர், சித்தியவான் பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் வீட்டையும் வேலையையும் ஒருசேர இழந்தன. ஈப்போவில் புந்தோங், சிலிபின் போன்ற இடங்களிலும், மலிவுவிலை அடுக்குமாடிகளிலும், ஆற்றோரக் குடிசைகளிலும் குடியேறின. ஆண்கள் லாரி ஓட்டவும் காவலாளி வேலைக்கும் போனார்கள், பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். வேலையில்லாத இளைஞர்கள் சிலர் ஊசிப் போதையில் விழுந்தார்கள். நாட்டில் எச்.ஐ.வி.யின் முதல் அலை அந்த ஊசியில்தான் வந்தது. 2010களின் தொடக்கத்துக்குப் பிறகுதான் பாலுறவு வழித் தொற்று அதை முந்தியது.

அப்படிப்பட்ட ஓர் இளைஞரின் வாழ்க்கைப் பாதையை நினைத்துப் பாருங்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி போதைப் பழக்கம் உள்ளவரைப் பிடித்து இரண்டாண்டுவரை சீரமைப்பு மையத்தில் அடைக்கலாம். 'செரெந்தி' என்று எல்லோரும் சொல்லும் அந்த மையங்களுக்குப் போனவருக்கு அங்கே எச்.ஐ.வி. இருப்பது தெரியவரும். வெளியே வரும்போது கையில் தாள் இருக்கும், அடுத்த சந்திப்புக்கான தேதி இருக்காது. பிறகு ஒரு வழக்கு, சிறை, விடுதலை, வேறு ஊரில் வேலை. ஒவ்வொரு கதவு திறந்து மூடும்போதும் மருந்து சில வாரம் விட்டுப்போகும். எச்.ஐ.வி. மருந்து நின்ற சில வாரங்களிலேயே கிருமி எழும்பிவிடும், சி.டி.4 சரியும். உறைகளுக்குள் காத்திருப்பதற்கு அந்த இடைவெளி போதும். அவர் கோப்பில் எழுதப்படும் வரி "மருந்தை நிறுத்திவிட்டார்" என்பது. அந்த வாக்கியத்தின் எழுவாயே தவறு என்பேன்.

போதையோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களுக்கும் வேறு தடைகள் உண்டு. மாதம் ஒரு நாள் விடுப்பு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். தினக்கூலிக்காரருக்குக் கிளினிக்கில் கழியும் அரைநாள் அரைநாள் சம்பளம். மாடிப்படியில் ஒரே குடும்பம்போல நெருங்கி வாழும் அடுக்குமாடியில், மாத்திரைப் புட்டியின் மேலுள்ள ஒட்டுத்தாளைப் பலர் உரித்து எறிகிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா "என்ன மருந்து தம்பி?" என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம்தான் காரணம். கணவன் இறந்தபின் தனக்கும் இருப்பதை அறிந்த பெண், மாமியார் வீட்டில் மருந்தை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைப்பாள். கல்யாணத்துக்கோ காரியத்துக்கோ நாலு நாள் வெளியூர் போகும்போது அதை எடுத்துப்போக முடியாது.

உடல் தரும் தடை ஒன்றும் இருக்கிறது. பாக்ட்ரிமில் உள்ள சல்ஃபா, எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாக ஒவ்வாமையை உண்டாக்குகிறது. உடம்பெல்லாம் தடிப்பும் அரிப்பும் வந்தால் யாரும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடத்தான் செய்வார்கள். லேசான ஒவ்வாமைக்கு மருந்தைத் துளித்துளியாகக் கூட்டிப் பழக்கும் முறை உண்டு. கிளிண்டமைசினும் பைரிமெத்தமினும் சேர்ந்த மாற்று வழி உண்டு. டாப்சோன் உண்டு, ஆனால் ஜி6பிடி குறைபாடு இருப்பவருக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், எனவே முதலில் சோதிக்க வேண்டும். இத்தனை வழிகள் இருப்பது நோயாளிக்குத் தெரியாது. "அரிச்சுச்சு, விட்டுட்டேன்" என்று அடுத்த முறை தயங்கித் தயங்கிச் சொல்லும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

மூளையில் வரும் நோய் என்பதால் இன்னொரு தாமதமும் சேர்கிறது. டாக்சோபிளாஸ்மா மீளும்போது சிலரிடம் முதலில் மாறுவது குணம். சம்பந்தமில்லாமல் பேசுவார், காரணமின்றிச் சண்டை போடுவார், வந்த வழி மறந்து நிற்பார். 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் இருப்பதால், அந்த ஊரின் பெயரே இங்கே ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்று கேலி செய்வார்கள். வேறு சில வீடுகளில் மந்திரிப்பவரிடம் கூட்டிப்போவார்கள், கோயிலில் உட்கார வைப்பார்கள். கோயிலுக்குப் போவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அன்றைக்கே ஸ்கேனுக்கும் போக வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். இந்த நோயில் வாரங்கள் மிக விலையுயர்ந்தவை.

மீளும் ஒட்டுண்ணி டாக்சோபிளாஸ்மா மட்டுமல்ல. தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் தீராத வயிற்றுப்போக்கை ஆராய்ந்த வேலூர், சென்னை மருத்துவர்கள் அடிக்கடி கண்டது சிஸ்டோஐசோஸ்போரா என்ற குடல் ஒட்டுண்ணியை. இதுவும் பாக்ட்ரிமுக்கு அடங்கும், நிறுத்தினால் எழும். 1980களில் ஹைத்தியில் நடந்த ஆய்வில் சிகிச்சை முடித்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குத் திரும்பியது. தொடர்ந்து குறைந்த அளவு கொடுத்தபோது நின்றது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொன்று குளோரினுக்கும் சாகாதது. எச்.ஐ.வி. உள்ளவரிடம் அதை அடக்கும் நம்பகமான மருந்து, எச்.ஐ.வி. மருந்தே. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் பழக்கம் இங்கே உயிர் காக்கும்.

ஸ்ட்ராங்கைலாய்ட்ஸ் என்ற புழுவைப் பற்றிச் சற்று அதிகமாகச் சொல்ல வேண்டும். அது நம் வரலாற்றோடு ஒட்டியது. வெறுங்கால் வழியாக உடலுக்குள் நுழையும் இந்தப் புழு, உள்ளேயே பெருகி அதே உடலை மறுபடி தொற்றிக்கொள்ளும். அதனால் பல பத்தாண்டுகள் நீடிக்கும். 1942-43இல் சியாம் மரண ரயில்பாதையில் வேலை வாங்கப்பட்ட பிரித்தானியப் போர்க்கைதிகளை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி பல பத்தாண்டுகள் கழித்துச் சோதித்தபோது, பலருடைய குடலில் அந்தப் புழு இன்னும் உயிரோடு இருந்தது. அதே சேற்றில், அந்தக் கைதிகளைவிட அதிக எண்ணிக்கையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் இருந்தார்கள். பேராக்கில் வெறுங்காலோடு பால்வெட்டியவர்களும் இந்தப் புழுவுக்கு அந்நியர்கள் அல்லர். எச்.ஐ.வி. மட்டுமே இந்தப் புழுவைக் கட்டவிழ்த்து விடுவது அரிது. ஆனால் மூளை வீக்கத்தைக் குறைக்க டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கொடுக்கும்போது, அடங்கியிருந்த புழு உடலெங்கும் பரவி உயிரைப் பறிக்கலாம். ஒரு நோயை ஆற்றக் கொடுத்த மருந்து இன்னொன்றை எழுப்பும் ஆபத்து இது. தோட்டத்தில் வளர்ந்தவருக்கு ஸ்டீராய்டு கொடுக்கும் முன் இந்தப் புழுவை நினைவில் வைப்பதும், தேவைப்பட்டால் ஐவர்மெக்டின் கொடுப்பதும் பெரிய செலவில்லாத எச்சரிக்கை.

நோய் மீள்வதை நோயாளியின் குறையாகப் பார்க்காமல் சிகிச்சையின் குறையாகப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பீகார் ஒரு நல்ல சாட்சி. அங்கே மணல்ஈ பரப்பும் காலா அசார் என்ற ஒட்டுண்ணி நோய், எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மீண்டும் மீண்டும் வந்தது. ஒவ்வொரு முறையும் மருந்துக்கு அடங்குவது குறைந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் பாட்னாவின் ராஜேந்திர நினைவு ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 150 நோயாளிகளிடம் இரண்டு முறைகளை ஒப்பிட்டன. கொழுப்புறை கொண்ட ஆம்ஃபோடெரிசின் ஊசி மட்டும் பெற்றவர்களில் 85 விழுக்காட்டினர் ஏழு மாதத்துக்குப் பிறகு நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தார்கள். ஊசியோடு மில்டிஃபோசின் மாத்திரையும் பெற்றவர்களில் அது 96 விழுக்காடு. 2022இல் உலக சுகாதார அமைப்பு கூட்டு முறையையே பரிந்துரைத்தது. ஏழைகளில் ஏழைகளான அந்த நோயாளிகளிடம் "ஒழுங்காகச் சாப்பிடு" என்று யாரும் உபதேசித்து அந்தப் பதினொரு விழுக்காட்டைக் கூட்டவில்லை. சிகிச்சையை மாற்றிக் கூட்டினார்கள்.

பேராக்கில் மாற்ற வேண்டியது மருந்தை அல்ல, அது போய்ச் சேரும் வழியை. அதற்கான கருவிகள் சுகாதார அமைச்சிடமே உள்ளன. ஒரு மருத்துவமனை எழுதிய மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக்கில் வாங்கிக்கொள்ளும் எஸ்.பி.யு.பி. முறை இருக்கிறது. மருந்தை அஞ்சலில் அனுப்பும் சேவை இருக்கிறது. பல சுகாதாரக் கிளினிக்குகளில் குடும்ப மருத்துவ நிபுணர்களே எச்.ஐ.வி. சிகிச்சை தருகிறார்கள். பெரும்பாலான நோயாளிகள் இவற்றைக் கேட்டுப் பெறுவதில்லை, கேட்கலாம் என்றே அவர்களுக்குத் தெரிவதில்லை. மூளையழற்சி வந்து போனவர் ஒவ்வொருவரையும் தனிப்பட்டியலில் வைத்து, மருந்து வாங்க வராத மாதமே ஒரு தாதி தொலைபேசியில் அழைக்கும் ஏற்பாடு வேண்டும். தமிழில் பேசத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. சிறையிலிருந்தும் மறுவாழ்வு மையத்திலிருந்தும் வெளிவருபவரிடம் வாயிலிலேயே ஒரு மாத மாத்திரையும் சந்திப்புத் தேதியும் கொடுக்க வேண்டும்.

வைரஸ் அளவு பார்த்தால் போதும், சி.டி.4 வேண்டாம் என்ற எண்ணமும் உலகெங்கும் பரவிவருகிறது. மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு வைரஸ் அளவு போதும்தான். ஆனால் காலங்கடந்து முதன்முறை வருபவருக்கும், விட்டுவிட்டு மீண்டும் வருபவருக்கும் ஒட்டுண்ணி எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதைச் சி.டி.4தான் சொல்லும். 2017இல் உலக சுகாதார அமைப்பு, இருநூறுக்குக் கீழே உள்ளவர்களுக்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது இதனால்தான்.

இன்று பேராக்கின் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்வோரில் பலர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேபாளியர். எச்.ஐ.வி. இருப்பது கட்டாய மருத்துவச் சோதனையில் தெரிந்தால் அவர்கள் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவார்கள். இலவச எச்.ஐ.வி. மருந்து அவர்களுக்குக் கிடையாது. அவர்களுடைய நோய் மீண்டால் அது நம் எந்தக் கணக்கிலும் வராது. நம் தாத்தா பாட்டிகள் நின்ற அதே பெரட்டில் இன்று நிற்பவர்கள் அவர்கள் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வீட்டில் ஒருவருக்கு டாக்சோபிளாஸ்மா வந்து போயிருந்தால், குடும்பம் தெரிந்துவைக்க வேண்டியவை சில. பாக்ட்ரிமையும் எச்.ஐ.வி. மருந்தையும் நிறுத்தும் முடிவு மருத்துவருடையது, கடைசி சி.டி.4 எவ்வளவு என்று ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்டுக் குறித்து வையுங்கள். தடிப்பு வந்தால் மாத்திரையை எறியாமல் அன்றே கிளினிக்குக்குத் தொலைபேசி செய்யுங்கள். வாயில் புண்ணோ தோலில் கொப்புளமோ சேர்ந்து வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். விடாத தலைவலி, காய்ச்சல், பேச்சுக் குழறல், ஒரு கை வலுவிழத்தல், வலிப்பு, குணம் மாறுதல் இவற்றில் எதைக் கண்டாலும் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவில் பதிவு செய்யும்போதே, "இவருக்கு முன்பு மூளையில் டாக்சோ வந்திருக்கிறது, இன்ன மருந்து சாப்பிட்டார், இத்தனை நாளாக விட்டுப்போயிருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். விட்டுப்போன நாள்களை மறைக்க வேண்டாம், அதற்காக யாரும் உங்களைத் திட்டக் கூடாது. மருத்துவர் அன்றிரவே சிகிச்சையைத் தொடங்க அந்த ஒரு தகவல் உதவும்.